ஊர் திரும்பியதும் சங்கமாகச் சேருங்கள்: முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரை)



அம்மாமாரே, ஐயாமாரே, சகோதர சகோதரிகளே, ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்க நெருங்க உங்களுக்குப் பல கூட்டங்கள் வைக்கிறார்கள். கண்ணிவெடி பற்றி ஒரு கூட்டம், வீட்டுத்திட்டம் பற்றி ஒரு கூட்டம், காணிப் பத்திரம் பற்றி இன்னொரு கூட்டம். இன்று நான் பேசப்போவது அந்தக் கூட்டங்களில் கடைசி வரிசையில் இருப்பவர்களைப் பற்றி. சில வேளைகளில் கூட்டத்துக்கே வராமல் கொட்டிலில் காவலுக்கு விடப்படுபவர்களைப் பற்றி. வயது போன தாய் தகப்பன், கால் இழந்த தம்பி, கண் தெரியாத அக்கா, காது கேளாத பிள்ளை, முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் அண்ணா, மனம் சோர்ந்து ஒருவரோடும் பேசாமல் இருக்கும் சகோதரி என்று எல்லோரும் இதற்குள் அடக்கம்.

இவர்களுக்கு என்னென்ன உதவி கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கிடைக்க வேண்டியதைக் கேட்பதற்கு இவர்களே ஒன்றுசேர வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதல் மாதங்கள் ஏன் முக்கியம்?

நீங்கள் திரும்பிப்போகும் ஊரில் பல விடயங்கள் முதல் சில மாதங்களிலேயே முடிவாகிவிடும். பொதுக் கிணறு எங்கே வெட்டுவது, எந்த ஒழுங்கைக்கு முதலில் கிரவல் போடுவது, நடமாடும் வைத்தியசேவை எந்த இடத்துக்கு வருவது, நிவாரணப் பொருள் எங்கே கொடுப்பது, வீட்டுத்திட்டத்தில் யாருடைய பெயர் முதலில் வருவது என்பவை அவற்றுள் சில. சீமெந்து காயும்வரைதான் பேச முடியும். காய்ந்த பிறகு அந்தப் படியும் அந்த மலசலகூடமும் இருபது முப்பது வருடத்துக்கு அப்படியே இருக்கும்.

இந்த முடிவுகளை எடுக்கும் கூட்டத்துக்கு யார் போகிறார்கள்? நடக்கக்கூடியவர், சைக்கிள் ஓடக்கூடியவர், சத்தமாகப் பேசக்கூடியவர். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு மற்றவர்களை விட்டுவிடுவதில்லை. தங்களுக்குத் தெரிந்த தேவையைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். கிணற்றுக் கட்டு உயரமாக இருந்தால் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு என்று ஒரு தாய் சொல்வார், அது சரி. அந்தக் கட்டுக்குப் பக்கத்தில் ஊன்றுகோலோடு நிற்க இடமில்லை என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது. மலசலகூடம் வீட்டுக்குப் பின்னால் தள்ளி இருக்கட்டும் என்று முடிவெடுப்பார்கள். இரவில் அங்கே போக முடியாத தாத்தாவைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டுத்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. வீட்டை உரிமையாளரே நின்று கட்ட வேண்டும். இளம் குடும்பத்துக்கு இந்த முறை நல்லது. விரும்பியபடி கட்டலாம், தங்கள் உழைப்பையும் சேர்க்கலாம். ஆனால் தனியாக இருக்கும் எழுபது வயது அம்மா மேசனைத் தேடிப் பிடித்து, மணலும் கல்லும் இறக்கி, கட்டம் முடித்து அடுத்த கொடுப்பனவை எடுப்பது எப்படி? தெரிவு செய்யும்போது குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கைக்குப் புள்ளி கொடுத்தால், இரண்டு பேர் மட்டும் இருக்கும் வயோதிபத் தம்பதியின் புள்ளி குறைந்துவிடும். இப்படியான இடங்களில் விதியைத் தளர்த்தவும் கட்டித்தர ஆள் ஒழுங்குசெய்யவும் அதிகாரிகளிடம் கேட்கலாம். ஆனால் கேட்க ஒருவர் வேண்டும்.

தனி ஆளாகக் கேட்பதும் சங்கமாகக் கேட்பதும்

ஒரு வயோதிப அம்மா தனியாகப் பிரதேச செயலகத்துக்குப் போகிறார் என்று வையுங்கள். பஸ்ஸுக்குக் காசு, ஒரு நாள் முழுவதும் அலைச்சல். உரிய உத்தியோகத்தர் களத்துக்குப் போய்விட்டார். “திங்கட்கிழமை வாங்கோ அம்மா” என்கிறார்கள். திங்கட்கிழமை வேறு ஒரு பத்திரம் குறைகிறது. மூன்றாம் முறை அவர் போவதில்லை. அவர் வந்து போனதற்கு அந்த அலுவலகத்தில் எழுத்தில் ஒரு அடையாளமும் இல்லை.

அதே தேவை ஒரு சங்கத்தின் கடிதமாகப் போகட்டும். திகதி இருக்கிறது, பதினெட்டுப் பேரின் கையொப்பம் இருக்கிறது, கையொப்பமிட முடியாதவர்களின் பெருவிரல் அடையாளம் இருக்கிறது. பிரதி ஒன்றில் அலுவலக முத்திரை வாங்கிக் கோவையில் வைத்திருக்கிறீர்கள். இரண்டு வாரம் கழித்து அந்தப் பிரதியோடு போய், “இதற்கு என்ன பதில்?” என்று கேட்கலாம். தனி ஒருவரின் கஷ்டமாக இருந்தது ஊரின் கோரிக்கையாகிவிடுகிறது. நல்ல உத்தியோகத்தருக்கும் இது உதவி. மேலிடத்தில் நிதி கேட்க அவருக்கும் ஒரு எழுத்து வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 1 முதியோர் தினம், டிசெம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம். மேடை போடுவார்கள், மாலை போடுவார்கள், ஒரு பொதியும் தருவார்கள். அதை மரியாதையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு மேடைக்கு அதிகாரிகள் எல்லோரும் வந்திருப்பார்கள் என்பதையும் மறக்காதீர்கள். பொதியை வாங்கும் கையிலேயே உங்கள் சங்கத்தின் கடிதமும் இருக்கட்டும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது

நாங்கள் கேட்பது பிச்சையா, உரிமையா என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. உரிமைதான். அதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டு. சட்டங்களின் இலக்கத்தையும் ஆண்டையும் சொல்கிறேன், கடிதம் எழுதும்போது உதவும்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. வலுவிழந்தவர் என்ற காரணத்துக்காக வேலையிலோ பாடசாலை அனுமதியிலோ ஒருவரை வேறுபடுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. அலுவலகப் படிவங்களில் “வலுவிழந்தோர்”, “விசேட தேவையுடையோர்” என்று வெவ்வேறு சொற்கள் இருக்கும். எல்லாம் உங்களைத்தான் குறிக்கின்றன.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோருக்கானது. 60 வயது நிறைந்த எவரும் இந்தச் சட்டப்படி முதியவர். முதியோருக்கான தேசிய சபையும் செயலகமும் இதன் கீழ் உருவானவை. முதியோர் அடையாள அட்டையும் அந்தச் செயலகத்தினுடையது. வசதி இருந்தும் பிள்ளைகள் பராமரிக்காமல் விட்டால் பராமரிப்புப் பணம் கேட்டு விண்ணப்பிக்க ஒரு சபையும் உண்டு. அதற்கு வழக்குப் போட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை.

பொதுக் கட்டடங்களில் எல்லோரும் நுழையக்கூடிய வசதி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006ஆம் ஆண்டு வெளியாகின. விதி வந்தும் கட்டடங்கள் மாறவில்லை. அப்போது உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் கலாநிதி அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராகவும் இருந்தவர். 1992ஆம் ஆண்டு ஓடிக்கொண்டிருந்த காரின்மேல் வீதியோர மரம் விழுந்ததில் சக்கர நாற்காலிக்கு வந்தவர். தனக்கு மட்டும் நட்டஈடு கேட்டு அவர் போகவில்லை. எல்லோருக்கும் பொதுவான அந்த வழக்கில் 2011 ஏப்ரல் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் கட்டளை பிறப்பித்தது: புதிய பொதுக் கட்டடங்களில் அந்த வசதிகள் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் இனிக் கட்டப்போகும் பாடசாலை, வைத்தியசாலை, கூட்டுறவுக் கடை, கிராம அலுவலர் அலுவலகம் எல்லாம் புதிய கட்டடங்கள்தான். வரைபடம் மேசையில் இருக்கும்போதே சாய்வுப் பாதை எங்கே என்று கேளுங்கள்.

அரச வேலை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்று வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டே பொது நிருவாகச் சுற்றறிக்கை வந்தது. கண் தெரியாதவர்களும் உடல் இயலாதவர்களும் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாக்களிக்க 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது.

இத்தனையும் தாளில் இருக்கின்றன. தாளில் இருப்பதை ஊருக்குக் கொண்டுவருவது சங்கத்தின் வேலை.

சங்கம் அமைப்பது எப்படி?

முதியோருக்குப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கிராம அலுவலர் பிரிவுதோறும் முதியோர் சங்கம், அதன்மேல் பிரதேச மட்டத்தில், மாவட்ட மட்டத்தில் என்று ஒரு ஒழுங்கு ஏற்கெனவே உண்டு. இடப்பெயர்வில் அங்கத்தவர்கள் சிதறிப் பதிவுப் புத்தகமும் தொலைந்திருக்கலாம். திரும்பிப்போன முதல் மாதத்திலேயே கிராம அலுவலரையோ பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரையோ சந்தித்து, எங்கள் சங்கத்தைத் திரும்ப நடத்த வேண்டும் என்று சொல்லுங்கள். முன்பு சங்கத்துக்கு வங்கியிலோ கூட்டுறவுக் கிராமிய வங்கியிலோ கணக்கு இருந்திருந்தால் அதையும் விசாரியுங்கள். புத்தகம் தொலைந்தாலும் கணக்கு வங்கியில் இருக்கக்கூடும்.

மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூக அடிப்படையிலான புனர்வாழ்வுத் திட்டத்தின் கீழ்ச் சுய உதவிக் குழுக்கள் உண்டு. இதையும் சமூக சேவை உத்தியோகத்தரிடமே கேட்கலாம். பிரிவில் ஆட்கள் குறைவென்றால் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் சேர்ந்தே தொடங்குங்கள். பத்துப் பேர் போதும். படி ஏற முடியாதது இரு பகுதியாருக்கும் ஒரே பிரச்சினைதான்.

முடியுமா என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே கூடி நடத்தும் உயிரிழை என்ற அமைப்பு வன்னியில் இருக்கிறது. கழுத்துக்குக் கீழோ இடுப்புக்குக் கீழோ அசைவில்லாதவர்கள் ஒன்றுகூடி அமைப்பு நடத்தலாம் என்றால் உங்களாலும் முடியும்.

நடத்தும் முறை பற்றிச் சில விடயங்கள்:

கூட்டம் வைக்கும் இடத்துக்குச் சக்கர நாற்காலி வர வேண்டும். மரநிழல் போதும், மேடை வேண்டாம். நேரம் இருட்டுக்கு முன் முடிய வேண்டும். கிளினிக் நாளிலேயே கிளினிக் பக்கத்தில் வைத்தால் இரண்டு பயணம் ஒன்றாகும்.

காது கேளாதவர் முன்வரிசையில் இருக்கட்டும். சைகை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கண் தெரியாதவருக்காக எழுதியதை எல்லாம் வாசித்துக் காட்டுங்கள். கூட்டத்துக்கு வரமுடியாமல் கட்டிலில் இருப்பவரின் வீட்டுக்கு இருவர் போய் அவருடைய சொல்லைக் கேட்டு வந்து சொல்லுங்கள்.

தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற பதவிகளில் முதியோரும் மாற்றுத்திறனாளிகளுமே இருக்க வேண்டும். எழுதத் தெரிந்த பிள்ளை ஒருவர் குறிப்பு எழுத உதவலாம், முடிவு அவருடையதாக இருக்கக் கூடாது. பெண்களுக்குப் பதவி கொடுங்கள். முதியோரிலும் தனித்திருப்போரிலும் பெண்களே அதிகம் இருக்கும் ஊர்கள் பல.

ஒரு கொப்பி வாங்கி வந்தவர் பெயரையும் எடுத்த முடிவையும் எழுதுங்கள். சந்தா இருபது ரூபாவோ ஐம்பது ரூபாவோ வையுங்கள், இல்லாதவரிடம் வாங்காதீர்கள். பணம் எடுக்க இருவர் கையொப்பம் வேண்டும் என்று வையுங்கள். மரணச் செலவுக்கு உதவும் சிறு நிதி ஒன்றைச் சங்கத்தோடு சேர்த்து நடத்தினால் அங்கத்தவர்கள் விலகாமல் இருப்பார்கள்.

எதை, யாரிடம் கேட்பது?

கேட்பதற்கு முன் எண்ணுங்கள். பிரிவில் 60 வயதுக்கு மேல் எத்தனை பேர், தனியாக இருப்பவர் எத்தனை பேர், எந்த வகை இயலாமை, யாருக்கு எந்தக் கருவி தேவை, யாரிடம் அடையாள அட்டை இல்லை என்று ஒரு இடாப்பு எழுதுங்கள். அலுவலகத்தில் இருக்கும் பட்டியலில் விடுபட்டவர் உங்கள் இடாப்பில் தெரிவார். பிறகு சக்கர நாற்காலியில் உள்ள ஒருவரையும் ஊன்றுகோல் பிடிக்கும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஊரை ஒருமுறை சுற்றிவாருங்கள். எங்கே வண்டி புதைகிறது, எங்கே படி தடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மூன்று கோரிக்கையை மட்டும் தெரிவுசெய்யுங்கள். இருபது கேட்டால் ஒன்றும் நடக்காது. தெளிவாக எழுதுங்கள். “வசதி செய்து தரவும்” என்று எழுதினால் பதில் வராது. “கிராம அலுவலர் அலுவலக வாசலில் ஒரு அடி உயரப் படி உள்ளது. பன்னிரண்டு அடி நீளச் சாய்வுப் பாதையும் ஒரு பக்கக் கைப்பிடியும் தேவை. எங்கள் பிரிவில் பதினொரு பேர் உள்ளே போக முடியாமல் வெளியே நிற்கிறார்கள்” என்று எழுதினால் அதை யாரும் தட்டிக்கழிப்பது கடினம். ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்வுப் பாதைக்கான பொதுவான அளவு. அதைவிடச் சரிவு கூடினால் சக்கர நாற்காலி பின்னால் உருளும்.

உதவிப் பணம், அடையாள அட்டை, வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியல் என்பவற்றைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வருமானம் குறைந்த, 70 வயது தாண்டிய முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. தொகையும் நிபந்தனையும் மாறும் என்பதால் அன்றைய நிலவரத்தை அங்கேயே கேட்டறியுங்கள். உள்ளூர் ஒழுங்கை, பொதுக் கிணறு, சந்தை என்பவை பிரதேச சபையின் வேலை. செயற்கைக் கால் தேவையானவர் வைத்தியசாலையிலும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையம் போன்ற இடங்களிலும் விசாரிக்கலாம். வெட்டப்பட்ட காலின் அளவு காலத்தோடு மாறும், பழைய கால் புண்ணாக்கினால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். எந்த அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். வீட்டுத்திட்டத் தெரிவு எந்த அடிப்படையில் நடந்தது, எங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்று எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பாரபட்சம் நடந்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அலுவலகங்கள் உண்டு. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும்.

இன்னொன்று. பட்டியலில் பெயர் சேர்க்கவோ கையொப்பம் வைக்கவோ யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சங்கத்தில் வந்து சொல்லுங்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருப்பதைச் சங்கம் சேர்ந்து சொல்லலாம்.

ஊருக்கு நீங்கள் கொடுப்பவை

முதியோர் சங்கம் கேட்பதற்கு மட்டும் இருக்கும் சங்கம் இல்லை. வேலி எரிந்து, பனை முறிந்து, எல்லைக்கல்லும் இல்லாத ஊரில் யாருடைய காணி எங்கே முடிந்தது என்று தெரிந்தவர்கள் நீங்கள். உறுதியும் அனுமதிப்பத்திரமும் தொலைந்த குடும்பத்துக்கு, இந்தக் காணியில் இவர்கள்தான் இருந்தார்கள் என்று சொல்லும் சாட்சி நீங்கள். எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எந்தக் கிணறு உவர், மாரியில் வெள்ளம் எந்தப் பக்கத்தால் வரும் என்று தெரிந்தவர்களும் நீங்கள்தான். காணி விசாரணைக்கு உத்தியோகத்தர் வரும் நாளில் சங்கத்தின் மூத்தவர்கள் இருவர் அங்கே இருந்தால் அயலவர்களுக்குள் பல பிணக்குகள் வழக்காகாமலே முடியும். கண்ணிவெடியில் கால் இழந்த ஒருவர் பாடசாலைப் பிள்ளைகளிடம், தெரியாத பொருளைத் தொடாதே என்று சொன்னால் அதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

வீட்டில் உள்ள இளையவர்களுக்கு

தம்பிமாரே, தங்கச்சிமாரே, கடைசியாக உங்களுக்கு. அம்மாவுக்கு என்ன தேவை என்று உத்தியோகத்தர் கேட்டால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள், அம்மாவைச் சொல்ல விடுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது சைக்கிளில் பின்னால் இருத்தியாவது கூட்டிப் போங்கள். மாற்றுத்திறனாளியான பெண்பிள்ளையை ஊர் என்ன சொல்லும் என்று வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள். உதவிப் பணம் அவர்கள் பெயரில் வந்தால் அது அவர்கள் கையில் போகட்டும். இன்று நீங்கள் கேட்டு வாங்கும் சாய்வுப் பாதை கர்ப்பிணித் தாய்க்கும் உதவும், நெல் மூட்டை ஏற்றும் தள்ளுவண்டிக்கும் உதவும், நாளை உங்களுக்கும் உதவும்.

திரும்பிப்போன முதல் மாதத்தில் மூன்று வேலை செய்யுங்கள். கிராம அலுவலரைச் சந்தித்துச் சங்கம் பற்றிக் கேளுங்கள். பத்துப் பேரைக் கூட்டி ஒரு கொப்பியில் பெயர் எழுதுங்கள். ஊரைச் சுற்றிப் பார்த்து முதல் கடிதத்தை எழுதிப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். கடிதம் எழுதுவதற்கும் படிவம் நிரப்புவதற்கும் எங்கள் களப் பணியாளர்கள் உதவுவார்கள். கேள்விகளை இப்போதே கேட்கலாம். எழுந்து நிற்கத் தேவையில்லை, இருந்த இடத்திலிருந்தே கேளுங்கள். நாங்கள் உங்கள் பக்கத்துக்கு வருகிறோம்.